விரலை எடுங்க, ஐயா

கை தூக்க முடியவில்லையா? தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டதா? கவலையை விடுங்கள், ஒற்றை விரல் ஐயா வந்துவிட்டார்! கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஐயாவின் வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றே போதும். மற்ற ஒன்பது விரல்களும் அவருக்குச் சாப்பிடவும், செம்புக் காப்பு விற்கவும் இருந்தன.

படம் ஓடாமல் பூட்டிக் கிடந்த சினிமா கொட்டகையை ஐயா வாடகைக்குப் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியாது. நல்ல படம் ஓடிய காலத்திலேயே அந்தக் கொட்டகை இப்படியொரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. வாசலில் ஆளுயரப் பேனர். அதில் ஒருவன் வலது கையை மேலே தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறான். அவன் முழங்கைக்கு அடியில் ஐயாவின் விரல்.

பேனரில் வாயைப் பிளந்து நின்றவன் ஒரு பெயிண்டர். பதினெட்டு வருடம் அண்ணாந்து சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்தே தோளின் தசைநாரைக் கிழித்துக்கொண்டவன். ஆஸ்பத்திரியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மூன்று துளை போட்டு, கிழிந்ததை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடந்தது. தூளியைக் கழற்றியதும் பிசியோதெரபி அம்மா அவனைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். விரல்களால் சுவரில் ஏறு என்றார். முதல் நாள் விரல்கள் நெஞ்சு உயரம்கூடப் போகவில்லை. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. தினமும் மூன்று வேளை அந்தக் கோட்டைத் தாண்டு! ஊர்ச் சுவரையெல்லாம் அடக்கி ஆண்டவனுக்கு ஒரு சுவர் இப்படித் தண்ணி காட்டும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அழுதான், திட்டினான், ஆனால் நிறுத்தவில்லை.

எட்டாவது வாரம் அவனுடைய அக்கா அவனை ஐயாவிடம் இழுத்துப் போனாள். வாசலில் மைக்கோடு நின்ற சீடர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆபரேஷன் ஆச்சா? எத்தனை வாரம்?"

"எட்டு வாரங்க."

"முன்வரிசையில உட்காருங்க."

ஐயா அவன் முழங்கைக்கு அடியில் விரலை வைத்தார். கையைத் தூக்கினார். கை போனது. பிசியோதெரபி அம்மாவும் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். பாவம், அவருக்குக் கைதட்ட ஆளில்லை, படம் எடுக்கவும் ஆளில்லை.

ஐந்தாவது மாதம் பெயிண்டரின் கை தானாகவே தலைக்கு மேலே போனது. யார் புண்ணியம்? ஐயாவின் விரல் புண்ணியம்! அக்கா அப்படித்தான் சொன்னாள். சொன்னதோடு நின்றிருந்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

அக்காவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டு அவளுடைய தோளும் கிழிந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று.

"ஆபரேஷன் வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்டா" என்றாள் அக்கா, ஏதோ பால் பாக்கெட்டை நிறுத்தியது மாதிரி.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்றே? தள்ளிப்போட்டா ஜவ்வு சுருங்கி உள்ள போயிடும், அப்புறம் தைக்கவே வராதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா?"

"சொல்லுவார், அவர் பொழப்பு அது. உனக்கு ஐயா குணமாக்கலையா? பேனர்ல இருக்கறது உன் கைதானே?"

"அப்ப நான் மாசக்கணக்கா சுவரைப் பார்த்து அழுதது?"

"அது நீ சும்மா சுவரைத் தடவிட்டு இருந்தே. தூக்கினது ஐயாதான்."

 அவனுக்குத் தன் வியர்வையை ஒருவன் ஒற்றை விரலால் வழித்துக்கொண்டு போன எரிச்சல் ஒரு பக்கம். அந்தப் பேனரைக் காட்டியே தன் அக்காவின் கையை முடமாக்கப் போகிறானே என்ற பயம் மறுபக்கம்.

"உனக்கு ஐயா விரல் வெச்சாரா?"

"இன்னும் இல்லடா. ஏழு ஞாயிறா பால்கனியில உட்கார வைக்கிறாங்க. காலம் கனியலையாம். காப்பு மட்டும் மூணு வாங்கிட்டேன்."

"பால்கனியில வேற யாரெல்லாம்?"

"எல்லாம் என்னை மாதிரிதான். இன்னும் ஆபரேஷன் பண்ணிக்காதவங்க."

வாசலில் சீடர் கேட்ட அந்த ஒரே கேள்வி பெயிண்டருக்கு நினைவுக்கு வந்தது. பிறகு சீடருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடையேறிச் சாட்சி சொல்ல வருகிறேன் என்றான். சீடருக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பேனரில் இருந்த ஆளே நேரில் மேடைக்கு வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. ஐயா புன்னகைத்தார். மைக் பெயிண்டரின் கைக்கு வந்தது.

"ஐயா விரல் பட்டுக் குணமானவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க, பார்ப்போம்!"

முன்வரிசைகளில் நாற்பது கைகள் விறுவிறுவென்று எழுந்தன. கைதட்டல் காதைப் பிளந்தது. ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்படியே வெச்சிருங்க. இதுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க மட்டும் கையை இறக்குங்க."

ஒரு கை இறங்கியது. பக்கத்துக் கை இறங்கியது. பிறகு வரிசை வரிசையாக இறங்கின. கடைசியில் கொட்டகை முழுவதிலும் ஒரே ஒரு கைதான் நின்றது. ஒரு பெரியவருடைய கை.

"பார்த்தீங்களா!" என்று சீடர் துள்ளினார்.

"பெரியவரே, நீங்க ஆபரேஷனே பண்ணிக்கலையா?"

"இல்ல தம்பி. ஐயா விரல் மட்டும்தான்."

"எந்தத் தோள்ல கிழிஞ்சுது?"

"இடது தோள்ல."

"நீங்க தூக்கியிருக்கறது வலது கையாச்சே?"

"இடது கை தூக்க வரலையே தம்பி, அதான் இதைத் தூக்கினேன்!"

 பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா எழுந்தார். "கத்தி பட்டது உடம்புல! விரல் படறது உயிர்ல!" என்று முழங்கினார். இந்த மாதிரி அர்த்தமே இல்லாத வாக்கியங்களை அவர் எப்போதும் கைவசம் வைத்திருப்பார்.

"அப்ப கத்தி படாத ஒருத்தருக்கு இப்பவே விரல் வைங்க" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல். அக்கா! படியிறங்கி விடுவிடுவென்று மேடைக்கே வந்துவிட்டாள். "ஏழு வாரமாச்சு. காலம் கனிஞ்சுதா அழுகிப்போச்சான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

ஆயிரம் கண்கள் பார்க்கும்போது ஐயா என்ன செய்வார்? விரலை வைத்தார், தூக்கினார். அக்காவின் கை மெல்ல மேலே போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கைதட்ட நாலைந்து பேர் தயாரானார்கள்.

"இப்ப விரலை எடுங்க, ஐயா."

ஐயா எடுக்கவில்லை.

"எடுங்க."

"அவசரப்படாதேம்மா. சக்தி இறங்கிக்கிட்டு இருக்கு."

"இறங்கினது போதும். எடுய்யா விரலை!"

எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஐயாவின் நெற்றியில் வியர்வை. விரல் நழுவியது. அக்காவின் கை தொப்பென்று விழுந்தது. அவள் "அம்மா!" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். வலியில் கண்ணீர் வழிந்தது. அதோடு தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடுடா."

அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டுமா? பால்கனி மொத்தமும் கீழே இறங்கியது. செம்புக் காப்புகள் மேடையில் மழையாக விழுந்தன. ஐயா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார். ஓடும்போது இரண்டு கைகளையும் நன்றாகவே வீசினாராம்.

அக்காவுக்கு மூன்று வாரம் கழித்து ஆபரேஷனுக்கு இடம் கிடைத்தது. ஜவ்வு கொஞ்சம் சுருங்கியிருந்தது, இன்னும் சில மாதம் போயிருந்தால் தைக்கிறதுக்கு எலும்பை எட்டியிருக்காது என்றார் டாக்டர். ஆறு வாரம் தூளி. தம்பிதான் அவளுக்குத் தலை வாரிவிட்டான், சுவருக்கு அடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக. பிறகு சுவர், சாக்பீஸ் கோடு, அழுகை.

"வலிக்குதுடா, பாவி!"

"சும்மா சுவரைத் தடவறதுக்கா இந்தப் பாடு? ஏறுக்கா!"

ஐந்தாவது மாதம் அக்கா சலவைக் கூடத்தில் ஓர் ஈர விரிப்பைத் தலைக்கு மேலே வீசிப் போட்டாள். கீழே யாருடைய விரலும் இல்லை.

ஐயா இப்போது வேறு ஊரில் முழங்காலுக்கு மாறிவிட்டார் என்று கேள்வி. அங்கேயும் கூட்டத்துக்குக் குறைவில்லையாம். நாளை உங்கள் தெருவுக்கும் வருவார். வந்தால் அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். விரலை எடுக்கச் சொல்லுங்கள், போதும். சொல்ல வாய் வரவில்லை என்றால், கிழிந்திருப்பது உங்கள் தோள் அல்ல, புத்தி.