விபத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

முதுகு தேயாதவனுக்கு எலும்பு முறியும் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. இது அரை ஸ்டாரின் அசைக்க முடியாத கொள்கை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் கட்டுச் சுமந்ததில் அவருக்கு இடுப்பின் இடப்பக்கம் மரத்துவிட்டது. குனிந்தால் நிமிர ஒரு நிமிஷம், நிமிர்ந்தால் உட்கார இரண்டு நிமிஷம். உலகத் தரத்தில் ஒரு விமர்சகர் உருவாக வேறென்ன வேண்டும்?

எந்தப் படத்துக்கும் அவருக்கு முழு நட்சத்திரமாகக் கொடுக்கக் கை வராது. ஒன்றரை, இரண்டரை, ரொம்பப் பிடித்துவிட்டால் மூன்றரை. அப்படி வந்த பெயர்தான் அரை ஸ்டார். கேலிக்கு வைத்த பெயர் என்று அவருக்குத் தெரியும். கேலிக்கும் ஒரு வாசகர் வட்டம் வேண்டுமே என்று பெருமையோடு ஏற்றுக்கொண்டார்.

‘அதிரடித் திரைக் கருத்துப் பேரவை’ ஞாயிற்றுக்கிழமை மதியம் சலூனில் கூடும். சலூன்காரர்தான் தலைவர். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் செயலாளர். அரை ஸ்டார் தலைமை விமர்சகர். பொதுமக்கள் சார்பில், முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்.

பேரவைக்கு ஒரு மரபு உண்டு. படத்தில் விழும் ஒவ்வொரு காயத்தையும் நிமிஷக் கணக்கோடு குறித்துக்கொண்டு வரவேண்டும். காயத்தை விட்டுவிட்டுக் கதையைக் குறித்து வருகிறவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். ஆறு வருஷமாக யாரும் டீ வாங்கியதில்லை.

அந்த ஞாயிறு விவாதத்துக்கு வந்தது ஓர் இந்தோனேசியப் படம். பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. ஆனால் நூற்றுப்பதினெட்டு நிமிஷத்தில் நூற்று நாற்பத்தொரு காயம். பேரவை எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌன மரியாதை செலுத்தியது.

“அறுபத்திமூணாவது நிமிஷம், முழங்கை,” என்று தொடங்கினார் சலூன்காரர், கத்தியைத் தோல் வாரில் தீட்டியபடி.

“மணிக்கட்டு,” என்றார் கம்பவுண்டர்.

“முழங்கைய்யா. சத்தத்தக் கேட்டா தெரியல? மணிக்கட்டுன்னா பென்சில் ஒடிஞ்ச மாதிரி இருக்கும். இது கதவக் கீலோட பேத்த சத்தம்.”

“அண்ணே, நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கறவன்.”

“பல்லு ஆஸ்பத்திரிதானே? தாடைக்கு மேல பேசு. கீழ வராத.”

நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்த வாடிக்கையாளர் தலையை மெல்லத் திருப்பினார். “ஏங்க, அவங்க எதுக்கு அடிச்சுக்கறாங்க?”

சலூனே உறைந்தது.

“நாலு டீ,” என்றார் சலூன்காரர், கத்தியைக் காட்டி. வாடிக்கையாளர் பாதிச் சவரத்தோடு போய் வாங்கி வந்தார்.

கடைசியில் அரை ஸ்டார் தொண்டையைச் செருமினார். “வலியில உண்மை இருக்கு. ரத்தம் சரியான கலரு. ஆனா அந்த நீலச் சட்டைக்காரன் கத்துறது ஓவர். அடி வாங்கினவன் அவ்வளவு நேரம் கத்தமாட்டான். மூணரை.”

“நீங்க அடி வாங்கியிருக்கீங்களா?” என்றார் வாடிக்கையாளர்.

“நான் ஊசியே போட்டுக்கறதில்ல. நர்சப் பாத்தாலே மயக்கம் வந்துரும். அதனாலதான் நடுநிலையா சொல்ல முடியுது.”

தீர்ப்பு ஒருமனதாக நிறைவேறியது.

புதன்கிழமை காலை, தொழிற்சாலையில் அரை ஸ்டாரின் மைத்துனன் கையை மெஷின் இழுத்துக்கொண்டது. மனைவியின் ஒரே தம்பி. அவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவன். மடிப்பு மெஷினில் இரண்டு உருளைகள் சுற்றும். நடுவே அட்டையைக் கொடுத்தால் மடிப்பு விழும். விரல் உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு கம்பி வலை உண்டு. அதில் அட்டை தட்டி வேகம் குறைகிறதென்று மூன்று வாரத்துக்கு முன்பு சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றி, முதுகில் ஏற்றி, குடோனில் கொண்டுபோய்ச் சாத்தியவர் அரை ஸ்டார்.

அவன் அலறியபோது அவர் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்து முடித்ததும் கட்டின்மேல் மயங்கிச் சாய்ந்தார். முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தவர்கள் முதலில் அவருக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். நேரில் கண்டவர் அரை ஸ்டார் ஒருவர்தான். அவர் எழுதிக் கொடுப்பதை வைத்தே மைத்துனனுக்கு வைத்தியமும் சம்பளத்தோடு லீவும் கிடைக்குமா என்று முடிவாகும். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார்.

“நீங்க பெரிய எழுத்தாளராமே,” என்றார் சூப்பர்வைசர். “பாத்தத மட்டும் எழுதுங்க. அது எதனால, இது எதனாலன்னு இழுக்காதீங்க. நீங்களும் இங்கதான் வேலை பாக்கணும்.”

முதல் வாக்கியத்தில் அவருக்குத் தலை நிமிர்ந்தது. கடைசி வாக்கியத்தில் தானாகக் குனிந்தது. இரண்டுக்கும் நடுவே பேனா ஓடியது. ஆறு வருஷம் பழகிய கை, அது அறிந்த ஒரே நடையில் எழுதியது:

‘நேரம் பதினொன்று இருபது. எதிர்பாராத விறுவிறுப்பு. நடுவிரல் முதல் கணுவிலும் மோதிரவிரல் அடியிலும் நசுங்கின. சத்தம் பச்சைக் குச்சி ஒடிவது போல், நம்பும்படி இருந்தது. ரத்தத்தின் நிறம் இயல்பு. அலறல் மட்டும் தேவைக்குச் சற்று நீளம்.’

கீழே பழக்கதோஷத்தில் மூன்றரை என்று போட்டுவிட்டு, அடித்தார். அடித்த பிறகும் நன்றாகவே படிக்க முடிந்தது.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ‘எந்திரத்தில் குறை இருந்ததாகச் சாட்சி தெரிவிக்கவில்லை. அலறல் மிகையென்று சாட்சியே கருதுகிறார். எனவே இது தொழிலாளியின் கவனக்குறைவு. லீவு, வைத்தியச் செலவு மறுக்கப்படுகின்றன. ஆட்சேபம் இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி மறு வாக்குமூலம் தரலாம்.’

மைத்துனன் அன்று மாலை வீட்டுக்கு வந்தான். கட்டுப் போட்ட கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான், இறக்கினால் துடிக்கிறதாம். மறு கையில் அந்தக் காகிதம்.

“மாமா, நான் எவ்வளவு நேரம் கத்தியிருக்கணும்?”

“அது... ஒரு நடுநிலையோட...”

“என் தம்பி என்ன படமா காட்டினான்?” என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி. “விரல் எந்தக் கணுல நசுங்குச்சுன்னு எழுதத் தெரிஞ்சுது. அந்த வலை இல்லன்னு எழுதத் தெரியலையா?”

“அது கதைப் பகுதிம்மா. நாங்க வழக்கமா கதையக் குறிக்கறதில்ல.”

சொன்ன பிறகுதான் அதன் லட்சணம் அவர் காதிலேயே விழுந்தது. மைத்துனன் சிரித்தான். சிரித்ததில் கை ஆடி, “அம்மா” என்று முனகினான். அந்த முனகல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கெடுக்க அரை ஸ்டாருக்கு முதல்முறையாகத் தோன்றவில்லை.

“பாக்கலைன்னு எழுதியிருந்தாக்கூட எனக்கு நல்லதாப் போயிருக்கும் மாமா,” என்றான் அவன். “வலையத் தூக்கிட்டுப் போனது நீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. பிறகு தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ஒரு கையால் அவனுக்குப் போட வரவில்லை.

வாக்குமூலத்தின் நகல் எப்படியோ சலூனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. “உணர்ச்சிவசப்படாத நடை. சொந்த மச்சான்னு கூடப் பாக்கல பாருய்யா,” என்று சலூன்காரர் போனில் உருகினார். “உங்களத் தலைவராக்கலாம்னு பேரவை நினைக்குது.” மயக்கம் வராத விமர்சகர் யாரையாவது பாருங்கள் என்று சொல்லி அரை ஸ்டார் போனை வைத்துவிட்டார். அது பணிவென்று பேரவை பதிவு செய்துகொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. உணவு இடைவேளையில் அவர் வெள்ளைத்தாளோடு அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். ‘மடிப்பு மெஷினில்’ என்று எழுதினார். இந்தச் சொல்லில் விறுவிறுப்பு இல்லை. அடுத்த சொல்லுக்கு இடுப்பில் பலம் போதவில்லை. நூற்று நாற்பத்தொரு காயத்தைக் கண் கொட்டாமல் பார்த்த வீரர், சூப்பர்வைசர் இருமியதும் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சங்கு ஊதியது. எழுந்து நிமிர ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி அறையைப் பூட்டிக்கொண்டு போனார்.

மைத்துனனுக்கு அரை ஸ்டார் ஒரு வாக்கியம் பாக்கி: ‘வலையைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர், கழற்றியவன் நான்.’ இன்னும் தரவில்லை.