செங்கல்வராயனின் சின்ன வண்டி

தன் மனைவி பிரமிளா ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குப் போகக் கூடாது என்று செங்கல்வராயன் முடிவு செய்தான். நல்ல உறுதியான முடிவுதான். அதில் ஒரே ஒரு சிக்கல். சத்தியவேட்டிலிருந்து நாற்பத்திரண்டு பெண்களைத் தினமும் அதே ஸ்ரீசிட்டிக்கு ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவரே அவன்தான்.

"ஊரு பொம்பளைங்களை எல்லாம் இட்டுக்கினு போற. நான் மட்டும் இன்னா மாமா பாவம் பண்ணேன்?" என்று கேட்டாள் பிரமிளா.

பதில் இல்லாத இடத்தில் புருஷன்மார் வழக்கமாகச் செய்வதை அவனும் செய்தான், குரலை உயர்த்தினான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

உண்மையான காரணத்தை அவன் வெளியே சொன்னதில்லை. ஆறு வருஷம் குவைத்தில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டியவன் அவன். அங்கே அவன் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். இனிமேல் எந்தக் கதவைத் திறந்தாலும் பிரமிளா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறி வந்தான். அந்த ஆறு வருஷமும் அவள் இங்கே எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவன் யோசித்ததில்லை.

குவைத்திலிருந்து அவன் கொண்டுவந்தவற்றில் உருப்படியானது ஒரு கேம் பெட்டி. முதலாளி வீட்டுக்குப் புதுசு வந்ததும் பழசை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டிவியில் மாட்டினால் கார் பந்தயம். உள்ளே இருநூறு கார்கள் இருந்தன. பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு வந்தால், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்புக் காரைத்தான் எடுப்பான். யார் வந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். செங்கல்வராயன் மட்டும் பட்டியலின் அடிக்குப் போய், அறுபது வருஷத்துப் பழசான ஒரு சின்ன வண்டியை எடுப்பான். வெண்ணெய் நிறம், உருண்டை விளக்கு, முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு கூரை.

எடுத்ததோடு விடமாட்டான், பிரசங்கமும் செய்வான். பெரிய வண்டி என்பது பணக்காரத் திமிர், ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் அதுவே போகும், அதில் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை? சின்ன வண்டியில் மேடு வந்தால் மேடு தெரியும், வளைவு வந்தால் முன்கூட்டியே இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும், பிரேக்கை நம்பக் கூடாது, இன்ஜின் சொல்வதைக் கேட்க வேண்டும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பிரமிளா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். பாதி காதில் விழாது என்பது அவன் கணக்கு.

அந்த வண்டிமேல் அவனுக்கு இருந்த பிரியம் கொஞ்சம் முற்றியது. சிட்டிபாபு ஒருநாள் அதைத் தொடப்போக, ஒரு ஆட்டத்தில் ஒருத்தர் முதலில் எடுத்த வண்டியை அடுத்தவர் எடுக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டான். போன வருஷம் ஆயுத பூஜைக்கு, பஸ்ஸுக்குப் பூஜை உண்டென்றால் இதற்கும் உண்டு என்று கேம் ஆடக் கையில் பிடிக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் வாழையிலையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டான். விஜயதசமி காலை மறுபூஜை முடியும்வரை யாரையும் தொடவும் விடவில்லை. சிட்டிபாபு சிரித்ததற்கு ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இந்த வருஷ தசராவுக்குப் பத்து நாள் முன்பு, வேலைப் பேச்சு மறுபடி வந்தது. பிரமிளா சண்டை போடவில்லை. கேம் ஆடலாம், நான் ஜெயித்தால் வேலைக்குப் போகிறேன், தோற்றால் பேச்சையே எடுக்கமாட்டேன் என்றாள். செங்கல்வராயனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஜயதசமி காலையில், மலைப் பாதையில், மூன்று சுற்று என்று முடிவானது. அவனுக்குப் பெருந்தன்மையும் பொங்கியது.

"நீயே மொதல்ல வண்டி எடுத்துக்க. இருநூறுல எது வேணுன்னாலும் எடு."

"பூஜை அன்னிக்கு சொல்றேன் மாமா," என்றாள்.

ஆயுத பூஜை அன்று பஸ்ஸைக் கழுவி, பூசணி உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சாமி முன்னால் அரிவாள்மனை, கத்தரிக்கோல், அவனுடைய லைசென்ஸ், இரண்டு ஜாய்ஸ்டிக் எல்லாம் சந்தனப் பொட்டோடு இலையில் இருந்தன. பிரமிளா கற்பூரம் காட்டினாள். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் சொன்னாள்.

"நான் அந்தச் சின்ன வண்டிய எடுத்துக்கறேன்."

அது என் வண்டி என்றான். எது வேண்டுமானாலும் எடு என்று சொன்னது யார் என்றாள். ஒருத்தர் எடுத்ததை அடுத்தவர் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது யார் என்றும் கேட்டாள். இரண்டும் அவன்தான். மிச்சமிருந்தவற்றில் வேகமானது அந்தச் சிவப்புக் கார். அதை அவன் வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒரு மணி நேரம் பழகினால் போதும் என்று இலைப்பக்கம் கையை நீட்டினான்.

"சாமிகிட்ட வச்சத தொடலாமா மாமா?" என்றாள் பிரமிளா, மெதுவாக.

நீட்டிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். அன்று முழுவதும் அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்து, பொரி கடலை தின்றுகொண்டு, மனத்துக்குள்ளேயே சிவப்புக் கார் ஓட்டிப் பழகினான்.

மறுநாள் மறுபூஜை முடிந்து பந்தயம் ஆரம்பித்தது. நேர்ப்பாதையில் சிவப்புக் கார் பறந்தது. முதல் வளைவில் மலையில் மோதியது. இரண்டாவது வளைவில் எதிர்த்திசை பார்த்து நின்றது. இரண்டாகப் பிரிந்த திரையில், அவன் பாதியில், வெண்ணெய் நிற வண்டி அவனைக் கடந்து போனது. அது ஓடுவதை அவன் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு இறங்கி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, பிரேக் விளக்கே எரியாமல் திரும்பியது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தன் காரைத் திருப்பவும் மறந்து பார்த்தான். அது வண்டியைப் பற்றிய நினைப்பு மட்டும் இல்லை.

அவள் மூன்று சுற்று முடித்தபோது அவன் இன்னும் இரண்டாவது சுற்றில் இருந்தான்.

"எப்ப கத்துக்கின?" என்று கேட்டான்.

"நீ ஷிப்டுக்குப் போனப்புறம் ரெண்டு மாசமா ஆடிக்கினு இருக்கேன்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தாள். கம்பெனி வேலை உத்தரவு. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும் என்று இருந்தது. தேதியைப் பார்த்தான். பந்தயம் பேசுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்த கடிதம்.

செங்கல்வராயன் காகிதத்தை மடித்தான். கோபம் வருமென்று காத்திருந்தான், வரவில்லை.

"அப்ப இந்தப் போட்டி எதுக்கு?"

"நீயா ஒத்துக்கினு அனுப்பனா மாதிரி இருக்கட்டுமேன்னுதான்."

"நான் ஜெயிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

பிரமிளா ஜாய்ஸ்டிக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

"வேற பஸ்ஸுல போயிருப்பேன் மாமா."