இருபது சதவீதப் பேய்

பேய்ப்படம் பார்ப்பவர்களில் இரண்டு சாதி உண்டு (வேறு சாதிகளைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை, ஒருமுறை பட்டது போதும்). பயந்ததை ஒப்புக்கொள்பவர்கள் ஒரு சாதி. "இதெல்லாம் ஒரு பேயா?" என்று மார்க் போடுபவர்கள் இன்னொரு சாதி. நான் இரண்டாவதில் பிறந்து, முதலாவதில் தள்ளப்பட்டவன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் கள்ளக்குறிச்சியில் திடீர் திடீரென்று சாலை மறியல் நடக்கும். ரெண்டு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டால் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வண்டி வராது. பஸ்ஸில் வரவேண்டிய படப்பெட்டியும் வராது. சினிமா கொட்டகைகள் ஈ ஓட்டின. என் நண்பன் பாபுவின் வீடியோ கடைக்கு யோகம் அடித்தது. ஒரு கலர் டிவி, கேசட் ஓட்ட ஒரு டெக், கடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நாலு பெஞ்சு, அவ்வளவுதான் முதலீடு.

பாபுவின் மச்சான் பாண்டிச்சேரியிலிருந்து குறுக்கு வழியாக பைக்கில் கேசட் கொண்டுவருவார். அந்த ஐப்பசியில் வந்ததெல்லாம் பேய்ப்படம்.

"வெள்ளக்காரனுக்கு இது பேய்ப் பண்டிகை மாசமாம்டா," என்றான் பாபு. "பூசணிக்காய்ல மூஞ்சி செதுக்கி உள்ள வெளக்கு வெப்பானாம்."

நாம் ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் உடைத்து, பைக்கில் போகிறவர்களை விழவைக்கிற பூசணிக்காயை அவன் பத்திரமாகச் செதுக்குகிறான். நாகரிகம் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நான் டுடோரியலில் கணக்கு வாத்தியார். பேயைக்கூட சதவீதத்தில்தான் பார்க்கத் தெரியும். கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, முந்தின நாள் படத்துக்கு நானே மதிப்பெண் எழுதுவேன். படம் முடிந்ததும் பார்த்தவன் தனியாகக் கொல்லைப்பக்கம் ஒதுங்கினால் படம் ஃபெயில், துணைக்கு ஆள் கூப்பிட்டால் பாஸ். கீழே மறக்காமல் "இப்படிக்கு, கோ. ஏழுமலை, பி.எஸ்சி." (அந்த பி.எஸ்சி.யை நான் எழுதாத இடம் எங்கள் வீட்டு மாட்டுக் கொம்பு ஒன்றுதான்.)

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் பெருமாள் என்பவரின் மகள் வளர்மதி. பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னை நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஒப்புத்தாம்பூலம் மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி அவள் அப்பா விசாரிக்க வருவார் என்று சொல்லியிருந்தார்கள். எப்போது வருவார் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் பலகையில் இப்படி எழுதினேன். மேலே: "நேற்றைய பேய்ப்படத்துக்கு மதிப்பெண்". அதற்கடியில் கொட்டை எழுத்தில்: "இருபது சதவீதமே ஜாஸ்தி". அதற்கும் கீழே நானும் என் பி.எஸ்சி.யும்.

அன்று இரவு போஸ்டர் ஒட்ட வந்தவர்களுக்குச் சுவரில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் பலகையின் மேல்பாதியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "கேட்கிறோம் இருபது சதவீதம்! மறியலுக்குத் திரண்டு வாரீர்!" என்றது போஸ்டர். "இருபது சதவீதமே ஜாஸ்தி" என்றான் அதன் கீழே கோ. ஏழுமலை, பி.எஸ்சி.

அந்தப் போராட்டத்தில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குக் கிண்டல் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்தும் மரம் வெட்ட அரிவாள் போனது. ஆனால் இதையெல்லாம் காலையில் கடை முன்னால் கூடியிருந்த கூட்டத்திடம் யார் சொல்வது?

நான் சைக்கிளை விட்டு இறங்கியபோது கூட்டத்துக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். மறியலுக்கு டிராக்டரில் ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர், அப்படியே மாப்பிள்ளையையும் விசாரித்துவிடலாம் என்று கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார். பெருமாள்.

"இத எழ்தினது நீங்கதானா?" என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை வரவில்லை.

"மாமா, அது உங்களுக்கு இல்லீங்க. பேய்க்குப் போட்டது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "அப்ப எங்கள பேய்ன்றியா?"

பாபுதான் ஓடிவந்து போஸ்டரின் ஓரத்தைக் கிள்ளித் தூக்கி, அடியில் இருந்த வரியைக் காட்டினான். பாதி எழுத்து பசையோடு போஸ்டரில் போய்விட்டது. மிச்சமிருந்தது "பேய்" மட்டும். அது என் கட்சிக்கு உதவவில்லை.

"படத்தப் போடு," என்றார் பெருமாள். "நாங்களே பாக்கறோம். நெஜமாவே அது இருபதுக்கு லாயக்கில்லாத பேயின்னா இவர வுட்டுடலாம். இல்லன்னா நம்மளத்தான் சொல்லிகிறார்னு அர்த்தம்."

இப்படியாக, ஒரு பேய் பயமுறுத்தாமல் இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் ஆனேன். மறியலில் யாருக்கும் போக்கிடம் இல்லாததால் கொட்டகை நிரம்பியது. வெள்ளிமலை பஸ் ஓடாததால் மலைக்குப் போக முடியாத பெரியவர் ஒருவரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெருமாள் என்னைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார்.

இங்கே ஒரு சிக்கல். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. எந்தப் படத்தையுமே பார்த்ததில்லை. இசை ஒரு மாதிரி மாறியதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "தூக்கம் வருதுடா" என்பேன். பாபு கதை சொல்வான். நான் மார்க் போடுவேன்.

இன்று துண்டு போட முடியாது. மாமனார் பக்கத்தில் இருக்கிறார்.

அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மலைக்காரர் குறட்டை விட்டார். கூட்டம் கொட்டாவி விட்டது. நான் தப்பித்தேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோது திரையில் ஒரு பெண் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து ஒரு கை வந்தது.

பிறகு நடந்ததைப் பாபு சொல்லித்தான் தெரியும். "ஐயோ அம்மா" என்ற என் கூச்சலில் மலைக்காரர் எழுந்து வெளியே ஓடியிருக்கிறார். நான் கண்ணைத் திறந்தபோது பெருமாளின் மடியில் முக்கால்வாசி உட்கார்ந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகை முழுக்கச் சிரித்தது. டுடோரியலில் என்னிடம் படிக்கும் இரண்டு பேர் விசில் அடித்தார்கள்.

பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை மெல்லக் கழற்றிவிட்டு, "இன்னா மாப்ள," என்றார், "இதுக்கா இருபது ஜாஸ்தின்னீங்க?"

'மாப்ள' என்றது என் காதில் விழுந்தது. பயத்திலா சந்தோஷத்திலா தெரியவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் ஊருக்குத் திரும்பியதும் வளர்மதியின் அம்மா, "பையன் எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார். "அரசியலும் தெர்ல, பேயும் தெர்ல. ஆனா இவ்ளோ பயப்படறவன் பொண்ணு மேல கைய வெக்க மாட்டான். இருபது சதவீதம் தேறும்," என்றாராம் பெருமாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வளர்மதி, "அது போதும்பா, மீதிய நான் பாத்துக்கறேன்," என்றாளாம்.

கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும் இதை மேடையேறி என்னிடமே சொல்லிவிட்டுத்தான் மொய் வைத்தார்கள். இப்போது பேரன் பேத்திகள் எடுத்துவிட்டோம். வீட்டில் யாருக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், "தாத்தா மாரி இல்லாம எத்தன சதவீதம் தேறும்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். போன தீபாவளிக்கு என் மருமகள் கேட்டாள்: "அத்த, மாமா இப்ப எவ்ளோக்கு வந்துகிறாரு?"

வளர்மதி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"இருபதுலதான் நிக்கிறாரு. நான் இன்னும் போராடிக்கினுதான் இருக்கேன்."