நான் படம் பிடித்த மஞ்சள் மீன்

கடலுக்குள் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் கோபித்துக்கொண்டு அல்ல. ரப்பர் சட்டை போட்டு, முதுகில் காற்று சிலிண்டர் கட்டி, கையில் கேமராவோடு, முறையாக.

"இந்த வயசுலயா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நாப்பத்தேழு ஒரு வயசா?"

"நான் வயசைச் சொல்லல, வயித்தைச் சொன்னேன். ரப்பர் சட்டை உள்ள போகுமா?"

"போகும். கடலுக்கடியில எவ்வளவு அழகு இருக்கு தெரியுமா? எல்லாத்தையும் படம் பிடிக்கப் போறேன்."

"நீங்க எடுத்த போட்டோவுல எனக்கு நெத்திக்கு மேல எதுவுமே இல்ல. மீனுக்காவது வால் இருக்குமா?"

உண்மைக் காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் வருகிறவர்களிடம் "இது தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் "ஏங்க, இது தெரியலையா? அதுகூடவா தெரியல?" என்று என்னைக் கேட்கிறார்கள். கேள்வியே இல்லாத இடம் ஒன்று வேண்டும். தண்ணீருக்கடியில் எல்லார் வாயிலும் குழாய் இருக்கும். யாரும் "ஏங்க" என்று கூப்பிட முடியாது. எப்பேர்ப்பட்ட சொர்க்கம்!

அவள் ஒரு நிபந்தனையோடு விட்டாள். முக்குளிக்கக் கற்றுத்தரும் பள்ளியில் மாதக் கடைசியில் எல்லோர் படங்களையும் பெரிய திரையில் போடுவார்கள். "அன்னைக்கு உங்க படம் ஒண்ணாவது நல்லா இருந்தா, ஞாயித்துக்கிழமை கடல் உங்களுக்கு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை எனக்கு. பரண், ஜன்னல், ஒட்டடை எல்லாம் உங்களைத்தான் கேட்டுட்டிருக்கு."

நீச்சல் குளத்தில் பழகி முடித்து, கடலில் இறங்கினேன். கண்ணாடியைக் கழற்றினால்தான் மாஸ்க் மாட்ட முடியும். கழற்றிவிட்டால், எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று எனக்குத் தெரியாது. முக்குளிக்கக் கற்றுத்தரும் மாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியாது என்றால் கடையின் மானம் என்ன ஆவது?

ஆனால் அந்த மங்கலில் ஒரு சுகம் இருந்தது, ஐயா. நீலம் என்னைச் சுற்றி மெத்தையாக மடிந்தது. மேலே சூரியன் கரைந்து, ஜரிகை ஜரிகையாக இறங்கி வந்தது. என் மூச்சு குமிழிகளாகக் கிளம்பி, அவசரமே இல்லாமல் மிதந்து போனது. எனக்கு எடையே இல்லை. வயிற்றுக்குக்கூட இல்லை. உலகம் இன்னும் யாரும் துலக்காத பாத்திரம்போலப் பேசாமல் கிடந்தது.

அப்போது அது வந்தது. மஞ்சள். வெயிலில் ஒரு துண்டு உடைந்து தண்ணீருக்குள் விழுந்த மாதிரி. மெல்ல மிதந்து என் எதிரே நின்றது. ஒரு துடுப்பை மடித்து, இன்னொரு துடுப்பை மேலே தூக்கி ஆட்டியது. எனக்காகத்தான் ஆடுகிறது! சொக்கிப்போய்ப் படம் மேல் படமாக எடுத்தேன். மாஸ்டர் என் சிலிண்டர் பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்வரை எடுத்தேன். கேமரா அவருடையது. மேலே வந்ததும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எல்லாமே மங்கலாக, நீலமாக இருந்தது.

"என்னங்க, சாப்பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?"

"ஒரு மீனைப் பார்த்தேன்மா. மஞ்சள் மீன். ஆகா, என்ன நளினம்!"

"குண்டா இருந்துச்சா?"

"சேச்சே. மேகம் மாதிரி இருந்துச்சு. ஆயுசு முழுக்க அதையே பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

"அப்படியா?" என்றாள். இன்னொரு முட்டையை என் தட்டில் வைத்தாள். "ஆமா, உன் தலை ஏன் ஈரமா இருக்கு?" என்றேன். "அக்கா வீட்ல குளிச்சேன்" என்றாள்.

ஞாயிறுக்கு ஞாயிறு மீன் வந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு நான் வர்ணித்தேன். தட்டில் முட்டை கூடிக்கொண்டே போனது. மனைவிக்கும் ரசனை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசி வந்தது. கூடம் நிறைய ஆட்கள். மனைவி என் பக்கத்தில். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் விளக்கை அணைத்தார். என் படம் திரையில் விழுந்தது.

எனக்குத்தான் கண் மங்கல். கேமராவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நீலத்தின் நடுவே, மஞ்சள் ரப்பர் சட்டையில் ஒரு பெண். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் மேலே நீட்டியபடி. மாஸ்க் போட்டால் என்ன, வாயில் குழாய் இருந்தால் என்ன? அந்த விரலோடு குடித்தனம் நடத்துகிறவன் அல்லவா நான்!

"நீயா?"

"வாசப்படியிலேயே தடுக்கி விழறவரு நீங்க. கண்ணாடி இல்லாம உங்களைக் கடல்ல விட்டுட்டு நான் வீட்ல பருப்பு கழுவிட்டிருப்பேனா? நீங்க கடைக்குப் போனதும் நானும் குளத்துக்குப் போயிக் கத்துக்கிட்டேன்."

"மாஸ்டர், நீங்களுமா?"

"அக்கா சொல்ல வேண்டாம்னாங்க சார்."

"அப்ப அந்த ஆட்டம்?"

"எந்த ஆட்டம்? சிலிண்டர்ல காத்து தீரப்போகுது, மேல வாங்க வாங்கன்னு விரலை ஆட்டினேன். ஈன்னு இளிச்சுக்கிட்டுப் படம் பிடிச்சீங்க."

கூடமே சிரித்தது. அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "சரி, சொல்லுங்க. படம் எப்படி இருக்கு?"

நன்றாக இல்லை என்றால் கடல் போச்சு. கடல் மட்டுமா? திரையைப் பார்த்தேன். வெளிச்சம் அவள் தோளில் ஜரிகையாக விழுந்திருந்தது. முடி மிதந்துகொண்டிருந்தது. கோபத்தில்கூட ஒரு மிதப்பு.

"அழகா இருக்கு" என்றேன். பொய் இல்லை.

"அப்ப சொன்ன சொல்லு சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை கடல் உங்களுக்கு." எனக்கு மூச்சு வந்தது. "ஆனா உங்க முதுகுக்குப் பின்னாடி எத்தனை நல்ல நல்ல மீன் போச்சு தெரியுமா? ஒண்ணையாவது எடுத்தீங்களா? தம்பி, அந்தக் கேமராவை இப்படிக் குடுங்க."

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் இருவரும் இறங்குகிறோம். அவள் படம் எடுக்கிறாள். நான் முன்னால் போய் மீன்களைக் கூட்டி வருகிறேன்.