நரி பேக்கரியின் பூஜ்ஜியம்

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டது என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் ஆண்டது நரியின் பேக்கரி. காலையில் பப்ஸ், மாலையில் கிரீம் பன், இரண்டிலும் வனஸ்பதி.

சடைச்சி என்ற பெண்கரடிக்கு அந்தக் கடையைக் கண்டாலே வயிறு எரியும். அவள் புருஷன் மாடக்கண்ணுவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மரங்கொத்தி வைத்தியர் மார்பில் தட்டிப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்: வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு ரத்தக்குழாயை அடைக்கும்; பப்ஸ், பன், ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்த வடை எதையும் தொடக்கூடாது; கிழங்கை அவித்துத் தின்னட்டும்.

மாடக்கண்ணு கேட்டால்தானே? நரி கடைப் பப்ஸ் டப்பாவைத் தூக்கிக் காட்டினான்.

"டிரான்ஸ் கொழுப்பு பூஜ்ஜியம்னு அச்சடிச்சிருக்கு பாரு. அச்சுல வந்ததைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வனஸ்பதி என்றும் இருந்தது. அவள் படித்துக் காட்டினாள். அவன் முன்பக்கத்தைத்தான் நம்பினான். அந்தப் பூஜ்ஜியத்தை அழித்தாலொழிய இவன் பிழைக்கமாட்டான் என்று புரிந்துகொண்டு, சடைச்சி சிங்கத்தின் சபைக்குப் போனாள்.

நரி பதறவில்லை. ஒரு தடவை தின்னும் அளவில் கொழுப்பு இம்மிக்கும் குறைவாக இருந்தால் பூஜ்ஜியம் என்று போடலாம், அது ராசா போட்ட சட்டம்தானே என்றது.

"ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு வச்சிருக்கே?"

"எறும்புக்கு ஒரு வாய், தாயி."

சபை சிரித்தது. சிங்கம் சிரிக்கவில்லை, அதன் வாய் நிறையப் பப்ஸ்.

"உன் கடைக்கு எறும்பா வருது? எம்புருஷன் வர்றான். கரடி வாய்க்கு அளந்து போடு."

"கரடிக்குன்னு அளந்தா யானை கோவிச்சுக்கும். இருக்கிறதுலயே எளியவங்களை வச்சு அளக்கிறதுதான் தாயி சமநீதி."

சமநீதி என்ற சொல் காதில் விழுந்ததுமே சபை கைதட்டியது. சிங்கம் மென்று விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: அளவு சரியே. அதற்குமேல் தின்பது தின்பவர் இஷ்டம். ஆனாலும் குடிகளின் நலன் கருதி அரசு இதய விழிப்புணர்வு ஊர்வலம் ஒன்று நடத்தும். செலவை நரி பெரிய மனதோடு ஏற்கும்.

ஊர்வலத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் பப்ஸ் கொடுத்தார்கள். மாடக்கண்ணு முதல் வரிசையில் நடந்தான். ராசாவே சொல்லியாயிற்று, இனி நீ வாயை மூடு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு ஒன்று மாற்றி ஒன்றாகத் தின்றுகொண்டே போனான். ஆற்றங்கரைத் திருப்பத்தில் சரிந்தவன் எழுந்திருக்கவில்லை.

தூக்கிப்போக வேறு துணி கிடைக்கவில்லை. 'இதயம் காப்போம்' பதாகையிலேயே கிடத்தினார்கள். ஒரு முனையைச் சடைச்சி பிடித்தாள். மற்ற முனைகளைப் பிடிக்க வந்தவர்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

நீதி: பூஜ்ஜியமே ஆனாலும் அளவோடு தின்ன வேண்டும்.