படத்தில் படுத்திருந்தவர் பற்றித் திரியாய்ச் சம்பந்திக்கு

திருகோணமலை,
1943 ஆடி 12.

மெத்த மதிப்புக்குரிய சம்பந்தி, திரியாய் தங்கத்துரை அண்ணருக்கு, யோகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. குண்டு விழுந்து பாதிக் கூரை போன இந்த வீட்டின் மற்றப் பாதியில் நானும் மனைவி கனகம்மாவும் மகள் இரத்தினேஸ்வரியும் கோணேசர் புண்ணியத்தில் உயிரோடிருக்கிறோம். அவ்விடம் உங்கள் வயலும் மாடுகளும் மச்சாளின் முழங்கால் நோவும் எப்படியென்று அறிய ஆவல்.

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஆவணி பிறக்கமுன் பெண்ணுக்கு வீடு எழும்பாவிட்டால் உங்கள் மகன் குணநாயகத்துக்கு வேறு இடம் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். வீடு கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எங்கள் பகுதியில் வழக்கமில்லை என்பது எனக்கும் தெரியும். அதை வாசித்த நாளிலிருந்து மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆகையால் தை மாதம் வரை தவணை கேட்டே இதை எழுதுகிறேன். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சண்டைக்கு முன்னமென்றால் மேசனைக் கூப்பிட்டுக் கயிறு பிடித்து அத்திவாரம் வெட்டினால் வீடு. இப்போது துறைமுகத்தைச் சுற்றி ஒரு கோழிக்கூடு வைப்பதென்றாலும் கப்பற்படைக் கந்தோரின் பெர்மிட் வேண்டுமாம். பெர்மிட்டுக்குப் படம் வேண்டுமாம். கிண்ணியாவிலிருந்து அப்துல் மஜீதைக் கூப்பிட்டேன். வீட்டுப்படம் கீறுவதில் பெயர்போனவர். அறை, விறாந்தை, குசினி, மணமக்கள் இரண்டு பேருக்கு ஒரு பதுங்குகுழி எல்லாம் வடிவாகக் கீறினார். நான் பார்த்துவிட்டு, "மஜீத், நிலத்துக்குக் கீழ படுத்திருக்கிற வாஸ்து புருஷனைக் காணேல்லையே! அவர் இல்லாமல் மனை எப்பிடி?" என்றேன். "ஐயா, ஆளக் கீறுறது எங்களுக்குச் சரிவராது. வீட்டக் கேளுங்க, கீறித் தாறன்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். சரியென்று நானே மையெடுத்து, தலை வடகிழக்கிலும் கால் தென்மேற்கிலுமாக, மகளுக்கு ஒதுக்கின பக்கத்து வளவு முழுக்க ஒரு ஆளை நீட்டிக் கீறினேன். கைப்பழக்கம் இல்லாததால் வயிறு கொஞ்சம் கூடிவிட்டது. முகம் வெறிச்சென்று கிடந்ததால் மீசையும் வைத்தேன். அந்த மீசைதான் அண்ணர், என் குடியைக் கெடுத்தது.

கந்தோரில் வெள்ளைக்காரத் துரை படத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளாக்கர் மொழிபெயர்த்தார்.

"இந்த மீசைக்காரர் ஆரெண்டு துரை கேக்கிறார்."

"வாஸ்து புருஷன்."

"வீட்டில இருக்கப்போறவரோ?"

"ஓம், வீட்டுக்குக் கீழ."

"என்ன உத்தியோகம்?"

நான் பொய் சொல்லலாமோ? "படுத்திருக்கிறதுதான். வருஷத்தில எட்டு நாள் எழும்புவார். ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள பல் விளக்கி, குளிச்சு, பூசை செய்து, சாப்பிட்டு, வெத்திலை போட்டிட்டுத் திரும்பப் படுத்திடுவார்" என்றேன். துரை ஒன்றும் விடாமல் எழுதினார். தலையை ஏன் கப்பற்படைக் கிடங்குப் பக்கம் வைத்திருக்கிறார் என்று அடுத்த கேள்வி. "ஐயோ, அவர் மனிசன் இல்லை, சாமி மாதிரி!" என்று கத்தினேன். கிளாக்கர் என் கையைப் பிடித்து, "துரை எழுதி முடிச்சிட்டார். இனி அழிக்க ஏலாது" என்றார்.

ஒரு கிழமைக்குள் வாஸ்து புருஷன் பேரில் அரிசிக் கூப்பன் வந்தது. நான் திருப்பிக் கொடுக்கப் போக, கனகம்மா அதைப் பறித்து, "அவர் எழும்பி வந்து கேட்டால் குடுப்பம்" என்று மடியில் செருகிக்கொண்டு போய் அரிசியோடு வந்தாள். அடுத்ததாகக் குண்டுத் தடுப்பு உத்தியோகத்தர் வந்தார். படத்தில் இரண்டு பேருக்குத்தான் பதுங்குகுழி காட்டியிருக்கிறதாம், மூன்றாவது ஆளை எங்கே ஒளிப்பது என்று கேட்டார். அதுவும் படுத்த படுக்கையாக இருக்கிறவரை! அளவுகோலைப் படத்தில் வைத்து ஆளின் உயரம் நாற்பத்திரண்டு அடி என்று கணக்கெடுத்தார். நாற்பத்திரண்டு அடியில் குழி வெட்டினால் வளவில் என்ன மிச்சம்? ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும். குழிக்கான பெர்மிட் சீல் குத்தி வந்தது. வெட்டாவிட்டால் பிடித்து மறியலில் போடுவோம் என்று பயப்படுத்தி வெட்டுவித்தார்கள். பிறகு, வளவில் இடமில்லை என்று காரணம் காட்டி வீட்டுக்குப் பெர்மிட் இல்லையென்று விட்டார்கள். மஜீத் வந்து குழியை எட்டிப் பார்த்து, "நான் அண்டைக்கே சொன்ன தானே ஐயா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு!

பகிடி இல்லை அண்ணர். ஆளில்லாத புதுப் படம் கொடுத்தால், பழைய ஆளின் மரண அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். அதற்கும் அலைந்துகொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு மகள். அவள் குசினிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடக்கு. துறைமுகத்தில் வேலை செய்கிற உங்கள் மகனோ தங்கமான பெடியன். இத்தனை கிட்ட இருந்தும் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அப்படிப்பட்ட அடக்கமான பிள்ளைகளின் வாழ்வைக் கெடுக்காமல், தை வரை பொறுத்தருளும்படி மன்றாடுகிறேன்.

மச்சாளுக்கும், அயலில் உள்ள பெரியோர் சிறியோருக்கும், வாயில்லாச் சீவன்களுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பணிவுள்ள,
யோகலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் மகளும் உங்கள் மகனும் ஒன்றாக வந்து முன்னால் நின்றார்கள். போன மாதமே அறிவித்தல் கொடுத்து, இன்று காலை விவாகப் பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். "படம் ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றுதான் என் வாயில் வந்தது. "இல்லை அப்பா, ரெண்டு சாட்சிதான் கேட்டவை" என்றாள். ஒரு சாட்சி கனகம்மாவாம். நான் யாரைப் பேசுவது? ஏசவும் மனம் வரவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு பிள்ளை சிரித்தாள். ஆனால் அவர்களை இருத்த என்னிடம் வீடில்லை. ஆகவே, அண்ணர், இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தந்தவர் உங்கள் மகன். அவருக்குப் பின்னால், படலையடியில் பெட்டியோடு நிற்கிறவள் என் மகள். வாசித்தது போதும், அவளை உள்ளே கூப்பிடுங்கள். வெயிலில் நிற்கிறாள்.