வெள்ளைச் சட்டை மாப்பிள்ளைக்குத் தட்டு தூக்கி வர வேண்டாம்

மந்தைவெளி,
திங்கட்கிழமை.

கொட்டிவாக்கத்தில் கடல் காற்று வாங்கியபடியே எங்கள் அத்தனை பேரையும் அதட்டி ஆண்டுவரும் அன்பு அக்கா சுலோச்சனா அவர்களுக்கு, தம்பி தங்கவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தம்பி பொண்டாட்டியும் நமது பேனர் கடையும் சுகம். தங்களுடைய முட்டிவலியும், அதனால் மாமாவுக்கு விழும் வசவும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மந்தைவெளியில் இருந்து கொட்டிவாக்கத்துக்கு எவனாவது லெட்டர் போடுவானா என்று நீ கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட்டதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா பேரன் கல்யாணத்தில் மண்டபத்துக்குள்ளே வைத்த பேனரில், வெள்ளைச் சட்டை போட்டு, கை கூப்பி, உன் போட்டோவுக்குப் பக்கத்திலேயே நின்றானே ஒரு பையன், அவனை உன் பொண்ணு அன்புக்கரசிக்குப் பேசி முடிக்கப் போவதாகவும், வெள்ளிக்கிழமை பூ பழத் தட்டோடு வருவதாகவும், அதற்குள் அவன் விலாசத்தை நான் கண்டுபிடித்து வைக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறாய். அக்கா, மனசைத் திடப்படுத்திக்கொள். அந்தப் பையனுக்கு விலாசம் கிடையாது. அப்பா அம்மா கிடையாது. அவனே கிடையாது. அவன் ஏஐ வரைந்த ஆள்.

கத்தாமல் மேலே படி. உன் பொண்ணு என் கடைக்கு டிசைனராக வந்த புதிதில் ஒரு பேனர் முடிப்பது சாமானியமா? சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் ஆதார் கார்டு மூஞ்சியை அனுப்புவான், இல்லாவிட்டால் குரூப் போட்டோ, அதில் ஒருத்தன் தோளில் இன்னொருத்தன் கை இருக்கும், அதையெல்லாம் கழுத்து கழுத்தாக வெட்டி ஒட்டுவதற்குள் கல்யாணப் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் போலிருக்கும். இப்போ, இந்த ஏஐ மெஷின் வந்த பிறகு? ஐயோ அக்கா, நீ வந்து பார்க்கணும்! வழுக்கைக்கு முடி வளருது, லுங்கிக்காரருக்குக் கோட்டு சூட்டு ஏறுது, கண்ணை மூடினவர் கண்ணைத் திறக்கிறார், எல்லாம் நான் டீயை ஆத்திக் குடிக்கிறதுக்குள்ள! எனக்கு சந்தோஷத்துல தூக்கமே வரல. கொஞ்சம் சேட்டையும் உண்டு, மறைக்கல. பட்டினப்பாக்கம் மீன்கடை கன்னியம்மாவுக்கு போர்டு போடச் சொன்னா, வஞ்சிரத்துக்குக் கண்ணிமை வெச்சு, பல்லு தெரிய சிரிக்க வெச்சிடுச்சு. "இன்னா நைனா, மீனு சிரிச்சுக்கினு கீது? சிரிக்கிற மீனை எவன் வெட்டித் தரச் சொல்லுவான்?"னு அந்தம்மா கடைக்கே சண்டைக்கு வந்துடுச்சு. இன்னொரு நாள் ஒரு காதுகுத்து பேனருக்கு நானே உட்கார்ந்து, தாய்மாமன் கம்பீரமா நிக்கணும்னு அடிச்சேன். மெஷின் அவரைக் கையில கத்தியோட குதிரை மேல ஏத்திடுச்சு. எடுத்துடறேன்னு நான் பதறினா அவர், "இருக்கட்டும்ப்பா, குதிரை எனக்கு எடுப்பா கீது"ங்கறார். மெஷின் ஒழுங்கா கேக்கறது அன்புக்கரசி பேச்சை மட்டும்தான். மெஷின் வந்தாச்சு, இனிமே டிசைனருக்கு இன்னா வேலை, அவளைக் கட்டிக் குடுத்துடலாம்னு நீ அவசரப்படறியே, மெஷின் வந்த அப்புறம்தான் அவளுக்கு வேலையே ஜாஸ்தி ஆயிருக்கு.

ஆனா இந்தக் கல்யாணப் பேனர்ல அது எல்லை தாண்டிடுச்சு. நானே மண்டபத்துலதான் பார்த்தேன். யார் இவன்னு பொண்ணு வீட்டைக் கேட்டா மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னாங்க. மாப்பிள்ளை வீட்டைக் கேட்டா பொண்ணு வீட்டு ஆளுன்னாங்க. நம்ம சூளைமேட்டுச் சித்தப்பா இருக்காரே, அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கினு, "டேய், இவன் நம்ம கோதண்டம் பேரன்டா, சின்னதுல என் மடியிலதான் ஒண்ணுக்குப் போவான்"னு சத்தியமே பண்ணிட்டார். மாப்பிள்ளையோட தாய்மாமன், "ஒரு சின்னப் பையனை மேல் வரிசையில வெச்சு என்னைக் கீழ தள்ளிட்டீங்க, சீர்த்தட்டை நீங்களே தூக்கிக்கங்க"ன்னு செருப்பை மாட்டிக்கினு கிளம்பிட்டார். கையைக் காலைப் பிடிச்சு அவரை நான் இழுத்துக்கினு உள்ள வந்தா, நீ பந்தியில எழுந்து நிக்கற. "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, குடும்பத்துப் புள்ள. என் பொண்ணுக்கு இவன்தான்"னு அத்தனை இலைக்கும் கேக்கற மாதிரி சொல்ற. எனக்கு அல்லு விட்டுடுச்சு. அன்புக்கரசியைத் தனியா கூப்பிட்டு இன்னாடி இதுன்னேன். அவ தரையைப் பார்த்துக்கினு, "தெர்ல மாமா, மெஷினே சேர்த்துடுச்சு போல"ன்னா. மீனைச் சிரிக்க வெச்ச மெஷினுக்கு மனுஷனை வரையறது கஷ்டமா? இந்த ஏஐ சமாச்சாரமெல்லாம் எனக்கு இப்ப அத்துப்படி, அதனால உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம சொந்தக்காரங்க போட்டோ மொத்தத்தையும் அது முழுங்கி, பெரியப்பா மூக்கு, சித்தப்பா நெத்தி, உன் கண்ணு, எல்லாத்தையும் கலந்து இவனைப் புடிச்சு வெச்சிருக்கு. அதான் உனக்குப் பார்த்ததும் நம்ம ஜாடையா தெரிஞ்சிருக்கு.

ஆகவே அக்கா, தட்டு வேண்டாம், பூ வேண்டாம், ஆட்டோவும் சொல்லி வைக்க வேண்டாம். உனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இவ்வளவு நாளில் நீ ஒரு வரனைக்கூடப் பிடிச்சிருக்குன்னு சொன்னதே இல்லை, சொன்ன ஒரே வரன் இப்படி ஆகிவிட்டது. வேறு பையன் பார்ப்போம், இந்த முறை எலும்பும் சதையுமாக. மாமாவுக்கு என் வணக்கம். தங்கள் கால் வலி தீர்ந்து, கோபமும் கொஞ்சம் தீர்ந்து, நீடூழி வாழ மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மனை வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
தங்கவேல்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அன்புக்கரசியிடம் கொடுத்தேன். "அவனே கிடையாது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "மாமா, அவரை மெஷின் போடல. நான்தான் போட்டேன். பேரு சேரன். ஆழ்வார்பேட்டைல பில்டிங் பிளான் போடற ஆபீஸ்ல கீறாரு. அம்மாகிட்ட நேராப் போய்ச் சொல்லியிருந்தா, மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடியே இன்னா ஆளுங்கன்னு கேட்டிருக்கும். அதான் முதல்ல மூஞ்சியைக் காட்டினேன்"ங்கறா. அப்ப பெரியப்பா மூக்கு, சித்தப்பா நெத்தி? "அதெல்லாம் அவரோடதே மாமா." மெஷின் இன்னாதான்டி பண்ணுச்சுன்னா, சட்டையை மட்டும் வெள்ளையாக்குச்சாம்! எனக்குக் கோபம் வரணும், சிரிப்புதான் வந்தது. அவ சிரிக்கல. அம்மா ஒத்துக்கலேன்னா இன்னா பண்ணுவேன் மாமான்னு என் எதிர்ல உட்கார்ந்து அழுதுக்கினு கீறா. அதனால மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுட்டு, வெள்ளிக்கிழமை தட்டோட வாக்கா. அவங்க இன்னா ஆளுங்கன்னு நான் கேக்கல, நீயும் கேக்காதே. அன்னிக்கு மண்டபத்துல நம்ம ஜனம் மொத்தமும் பேனரைச் சுத்தி நின்னு பார்த்துச்சு. ஒருத்தர்கூட அவனை வேத்தாள்னு சொல்லல.